மண் அணைத்த கன்றுகள்

நேற்று மாலை நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். நீங்கள் மூன்று பேரும் களப்பணியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு விவசாயியின் காட்டை இவ்வளவு துப்புரவாகக் களை எடுக்க வைத்திருக்கிறீர்கள். மருந்துக்கு ஒரு புல் இல்லை. சில்வர் ஓக் கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கன்றின் அடியிலும் அழகாக ஒரு மண் குவியல். "எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டு, கைதட்டுகிற பொம்மை இரண்டும் போட்டிருந்தீர்கள்.

உடனே பதில் போட்டேன். கன்றின் அடியில் குவித்த மண்ணை விலக்கிவிடுங்கள், மழைக்கு முன்னால் செய்யுங்கள் என்று. உங்கள் பதிலும் உடனே வந்தது: "சரிங்க மேடம். வெள்ளிக்கிழமை ஆய்வு முடிஞ்சதும் செஞ்சுடறோம். இப்போதைக்குப் பார்க்க நீட்டா இருக்கு." அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தேன், மூன்று தடவை. அதற்குள் மலையில் டவர் இல்லாத இடத்துக்குப் போய்விட்டீர்கள் போல. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் முழுசாகப் படியுங்கள். பாதியில் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடாதீர்கள்.

'ஆய்வு முடிஞ்சதும்' என்று நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. ஓய்வு பெற்றபோது மேடையில் எனக்குச் சால்வை போட்டு, இவர் நட்ட கன்று எதுவும் வீண் போனதில்லை என்று பேசினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் மலையடிவாரத்துக் காரவள்ளிக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி மேலே போவேன், மாலை பஸ்ஸில் கீழே இறங்குவேன். பணிக்காலம் முழுக்க அப்படித்தான் ஓடியது. வேலையில் சோம்பல் கிடையாது. ஆனால் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று ஒரு ஆசை உண்டு. அதை வியாதி என்றே சொல்லலாம்.

மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர்களில் ஒன்றில் செல்லம்மா என்று ஒரு விவசாயி. என் வயதுதான் இருக்கும். ரோட்டுக்குக் கீழே சரிவாக இறங்குகிற ஒன்றரை ஏக்கர் காடு அவர்களுடையது. கணவர் கேரளத்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தார். பொங்கலுக்கு வருவார், ஒரு வாரம் இருப்பார், போய்விடுவார். காட்டில் வருடா வருடம் மரவள்ளி, அவர்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு. ஊன்றுவது, களை எடுப்பது, பிடுங்குவது, மூட்டையாகக் கட்டி அந்தச் சரிவில் ரோட்டுக்குச் சுமந்து ஏற்றுவது எல்லாம் செல்லம்மாதான். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. நடக்கும்போது கையை முட்டியில் ஊன்றித்தான் நடப்பார்.

நான்தான் அவரைப் பிடித்துக்கொண்டேன். கிழங்கை விடுங்கள், சில்வர் ஓக் நடுங்கள், இரண்டு மூன்று வருடத்தில் மிளகுக் கொடி ஏற்றலாம், பறிக்கிற காலத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம், சுமக்க வேண்டியதில்லை என்றேன்.

"நெசமா மரம் நிக்குங்களா அம்மிணி? எங்க ஊட்டுக்காரரு தைக்கு வரும்போது காட்டுல மரம் நிக்கலைன்னா, மறுபடியும் குச்சிக்கெழங்கு ஊனச் சொல்லிப்போடுவாரு. இனிமே அதைச் சுமக்கறதுக்கு எனக்கு முட்டி இல்லீங்க."

"நிக்கும். நான் பொறுப்பு," என்றேன். எத்தனை சுலபமாக வாயில் வந்தது என்று இப்போது நினைத்தால் ஆத்திரமாக இருக்கிறது.

ஆடியில் எங்கள் மரம் நடும் திட்டத்தில் முந்நூறு கன்று நட்டோம். ஆவணி முழுக்க நான் அந்தக் காட்டில் இறங்கவே இல்லை. பஸ் அந்த இடத்தில் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். பச்சைப் பசேலென்று இருக்கும். 'வளர்ச்சி நன்று' என்று ஆபீசுக்கு எழுதி அனுப்பினேன். புரட்டாசியில் ஒரு நாள் இறங்கிப் போனால் கன்றுகளைக் காணோம். முட்டியளவு புல். அதைக் கையால் விலக்கி ஒவ்வொரு கன்றாகத் தேட வேண்டியிருந்தது. வெளிறிப்போய், வெளிச்சம் தேடி மெலிந்து நீண்டு, தொட்டால் சாய்கிற மாதிரி நின்றன. நான் இத்தனை நாளும் பஸ்ஸிலிருந்து பார்த்துப் பூரித்தது புல்லை.

முதல் இரண்டு வருடம் கன்றுக்கும் களைக்கும்தான் போட்டி என்று நீங்கள் படித்திருப்பீர்கள். கன்றின் வேர் ஒரு சாண் இறங்குவதற்குள் புல் வேர் பாய் விரித்துவிடும். தண்ணீர், உரம், வெயில் எல்லாவற்றையும் அது வாங்கிக்கொண்டு மிச்சத்தைத்தான் கன்றுக்குக் கொடுக்கும். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு மாதம் விட்டுவிட்டேன் என்ற பயம் பிடித்துக்கொண்டது. ஒரு புல் இருக்கக் கூடாது, மொத்தக் காட்டையும் வழித்து எடுத்துவிடுங்கள் என்று செல்லம்மாவிடம் சொன்னேன்.

அவர் பன்னிரண்டு பெண்களைக் கூட்டி வந்தார். அந்தப் பக்கத்துப் பெண்கள் களை எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சரிவில் ஒரே வரிசையாக நின்று, களைக்கொத்தோடு கீழிருந்து மேலே ஏறுவார்கள். வரிசை நிற்காது. ஒருத்தி பின்தங்கினால் கேலி தாங்க முடியாது. களை நிற்கிற காடு என்றால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தலைக்குனிவு. நான் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கன்றைத் தாண்டும்போதும் கொத்தால் இரண்டு இழுப்பு மண்ணை அதன் அடியில் இழுத்துக் குவித்து, கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த கன்றுக்குப் போனார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மரவள்ளிக்கு அப்படித்தான் மண் அணைப்பார்கள். அணைத்தால்தான் கிழங்கு பருக்கும். காலம் காலமாகப் பழகிய கை, கன்று எது குச்சி எது என்று பார்க்காமல் தானாகவே அணைத்துக்கொண்டு போனது.

"வாசக் கூட்டுன மாதிரி இருக்குதுங்களா?" என்று வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"பிரமாதமா இருக்கு!" என்று நானும் கத்தினேன். போட்டோ எடுத்தேன். ஒரே அளவில் வரிசை வரிசையாகக் குவியல், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கன்று. ஆபீசுக்கு அனுப்பியதும் இதுதான் மாதிரிக் காடு, மற்றவர்களையும் கூட்டிப் போய்க் காட்டுங்கள் என்று பதில் வந்தது. காட்டின் ஓரத்தில் உண்ணிச்செடிப் புதர் ஒன்று இருந்தது. அதில் குளவிக் கூடு. அந்தப் பக்கம் போக மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். புதருக்குள் பதினொரு கன்று மாட்டிக்கொண்டது. அது என் போட்டோவைக் கெடுக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. புதர் விழாத மாதிரி போனைத் திருப்பி எடுத்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. இரண்டு வாரத்தில் இலை நுனிகள் மஞ்சளாகின. எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான், களை மறுபடி வருகிறது என்று. அங்கங்கே பொடிப் பொடியாகப் புல் முளைத்திருந்தது உண்மைதான். இன்னொரு களை எடுக்கச் சொன்னேன். பெண்கள் வந்தார்கள், எடுத்தார்கள், மறுபடியும் அணைத்துவிட்டுப் போனார்கள். குவியல் இன்னும் ஒரு விரல்கடை உயர்ந்தது. பயந்துபோய் வேலை செய்கிறவர்கள் ஏற்கெனவே செய்ததையே இன்னும் அழுத்திச் செய்வார்கள். நான் அதைத்தான் செய்தேன்.

அப்புறம் ஒரு தகவல் வந்தது. வியாழக்கிழமை காலை மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார். புதன்கிழமை காலையில் செல்லம்மாவின் போன் வந்தது.

"அம்மிணி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. போன்ல சொல்லத் தெரியலீங்க."

மதியம் இறங்கிப் போனேன். மேல் வரிசைகளில் அங்கங்கே மஞ்சள். பாதிச் சரிவுக்குக் கீழே நிலம் ஒரு மடிப்பு மடிந்து இறங்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் அந்தப் பாகம் தெரியாது. அங்கே கன்றுகள் தலை தொங்கி நின்றன. சில காய்ந்தே போயிருந்தன. செத்ததை எண்ண ஆரம்பித்தேன். இருபதுக்கு மேல் எண்ணத் தைரியம் வரவில்லை.

செல்லம்மா என்னைக் குளவிப் புதருக்குக் கூட்டிப் போனார். ஒரு குச்சியால் எட்ட நின்று புல்லை விலக்கிக் காட்டினார். பதினொரு கன்றும் உயிரோடு இருந்தன. சின்னதாக, நோஞ்சானாக, ஆனால் உயிரோடு.

"களை எடுத்த பக்கம் சாவுது. எடுக்காத பக்கம் நிக்குது. நாம எதுக்குங்க அம்மிணி களை எடுத்தோம்?"

அந்த நிமிடத்தில் என் மூளை என்னென்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அப்படி ஒரு நிமிடம் வரும். முதலில் நாற்றுப் பண்ணைக்காரர்கள் மட்டமான கன்று கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு வாக்கியம் தயாரானது. அடுத்து, இனிமேல் யாரும் களையே எடுக்காதீர்கள் என்று சொல்ல வாய் வந்தது. இரண்டுமே பொய். ஆனால் கண்ணால் பார்த்த மாதிரி நிச்சயமாகத் தோன்றின.

என்னைக் காப்பாற்றியது புத்தி இல்லை, கால். சேற்றில் வழுக்கி ஒரு குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிடிமானத்துக்குக் கன்றைப் பிடித்தேன். அது கையோடு வந்துவிட்டது. தண்டும் வேரும் சேருகிற இடம், நாம் கழுத்து என்று சொல்வோமே, அங்கே பட்டை கறுத்து, நனைந்து, விரலில் உரிந்தது. புளித்த நாற்றம். அடுத்த குவியலைக் கையால் விலக்கினேன். அங்கேயும் கழுத்து பழுப்பாகத் தொடங்கியிருந்தது. புதரோரமாக எட்டிப் பார்த்தேன். அங்கே குவியல் இல்லை, கழுத்து காய்ந்து சுத்தமாக இருந்தது. களை எடுத்தது தப்பில்லை. எடுத்த கையோடு கழுத்துவரை மண்ணை மூடி, மழை ஈரத்தை அங்கேயே தேக்கி வைத்திருந்தோம். மரவள்ளிக்கு நல்லது, மரத்துக்கு அழுகல்.

செல்லம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "கெழங்குக்கு அணைக்கற மாதிரியே அணைச்சுப்போட்டோமே," என்றார்.

"நான் பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன்," என்றேன். அந்த அளவுக்கு மட்டும் அன்றைக்கு நேர்மையாக இருந்தேன்.

மணி இரண்டு. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. களையெடுக்கிற பெண்கள் அன்றைக்கு தேவனூர் நாட்டுப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். கொத்து பட்டால் பட்டை காயப்படும் என்பதால் கையால்தான் விலக்க வேண்டும். மழைக்குள் பாதிக் காடுகூட முடியாது. எங்கே ஆரம்பிப்பது?

"கீழ போயிறலாங்க. அங்கதான் தண்ணி நிக்குது," என்றார் செல்லம்மா. ஒரு கையை முட்டியில் ஊன்றி இறங்கவும் தொடங்கிவிட்டார்.

அவர் சொன்னதுதான் சரி. மேல் வரிசைகளில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், அவை இன்னும் இரண்டு நாள் தாங்கும். கீழே இருப்பவை இன்னொரு மழையைத் தாங்காது. அது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. ஆனால் அதிகாரி ரோட்டிலிருந்து இறங்கி முதல் இரண்டு வரிசையைத்தான் பார்ப்பார். அங்கே ஒரு கன்றைத் தொட்டு அது கையோடு வந்துவிட்டால் இந்தக் காட்டையே திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார். செல்லம்மாவுக்கு எதுவுமே மிஞ்சாது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் எத்தனை பங்கு செல்லம்மாவுக்காக, எத்தனை பங்கு என் பெயருக்காக என்று கேட்காதீர்கள்.

"வேண்டாம், மேலே இருந்து ஆரம்பிப்போம். கீழே ஆய்வு முடிஞ்சதும் பார்த்துக்கலாம்," என்றேன்.

செல்லம்மா நின்று என்னைப் பார்த்தார். அவர் மறுத்துப் பேசியிருக்கலாம். "நீங்க சொன்னாச் சரிங்க," என்று திரும்பி மேலே ஏறி வந்தார். அந்த முட்டியோடு.

மண்டியிட்டு விலக்கினோம். விரல் நகத்துக்குள் மண் ஏறியது. மஞ்சள் இலைகளை நான் கிள்ளிப் போட்டேன், பச்சை மட்டும் தெரியட்டும் என்று. ஆறு வரிசை முடிக்கும்போது மழை கொட்டியது. எதிரே இருக்கிற கன்று தெரியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நான் ரோட்டுக்கு ஏறினேன். செல்லம்மா குனிந்தபடியே ஏழாவது வரிசையில் இருந்தார்.

மறுநாள் காலையில் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், சேற்றில் கால் வைக்கத்தான் யோசித்தார். ரோட்டோரம் நின்று பார்த்தார். முதல் வரிசையில் ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"கீழேயும் இப்படித்தானே?"

செல்லம்மா என் பக்கத்தில் நின்றார். பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிதான் இருந்தது. அந்த ஒரு நொடியில் எத்தனையோ சொல்லியிருக்கலாம். "கீழே சிக்கல் இருக்குது சார், ஆட்கள் வேணும், இன்னைக்கே வேணும்" என்று சொன்னால் ஒரு திட்டு விழுந்திருக்கும். அதற்கு மேல் என்ன ஆகியிருக்கும்?

"ஆமாம் சார்," என்றேன்.

ஜீப் கிளம்பிப் போன பிறகு செல்லம்மா ஒன்றே ஒன்று சொன்னார். "அவரு கீழ எறங்கவே இல்லீங்களே அம்மிணி."

அன்றைக்கே பெண்களைக் கூட்டிக் கீழே இறங்கினோம். ஆனால் முதல் நாள் மழை எல்லாக் குவியலையும் ஊறவைத்துவிட்டது. பத்து நாளைக்குள் கீழ்ப் பாதி முழுக்கச் சாய்ந்தது. தையில் கணவர் வந்தார், பார்த்தார். மேலே மரம் நிற்கட்டும், கீழே கிழங்கு ஊன்று என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்றுக் கன்று வாங்கிக் கொடுக்கலாமே என்று நினைப்பீர்கள். பட்டுப்போன கன்றுக்குத்தான் மாற்றுக் கன்று கொடுப்பார்கள். என் அறிக்கையின்படி அந்தக் காட்டில் எதுவும் பட்டுப்போகவில்லை.

'நான் பொறுப்பு' என்று நான் சொன்னதை செல்லம்மா தன் கணவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்டிலும் முதல் களைக்கு நானே வரிசையில் நின்றேன். கன்றைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு வட்டமாக மட்டும் களை எடுப்போம். வெளியே உள்ள புல்லை அறுத்து வட்டத்துக்குள் பரப்புவோம், ஆனால் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. கழுத்து வெளியே தெரிய வேண்டும். மண்ணை அணைக்கிற கையைப் பார்த்தால் நான் போடுகிற சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். அதனால்தான் எனக்கு ராட்சசி என்று பெயர் வந்தது, உங்களுக்கும் அது எட்டியிருக்கும். களை எடுக்காமலே விட்டால் போதுமே என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்தக் குளவிப் புதர் பதினொன்றையும் குளவிக்குப் பயந்து மறு வருடமும் யாரும் தொடவில்லை. இன்றைக்கும் அவை மேல் வரிசை மரங்களில் பாதிப் பருமன்கூட இல்லை. உயிரோடு இருப்பதும் வளர்வதும் வேறு வேறு.

எட்டு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மேலே போனேன். பஸ் அந்த இடத்தில் திரும்பியபோது மரங்கள் ஓங்கி நின்றன, மிளகுக் கொடி பாதி உயரம் ஏறியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்ன செழிப்பு பாருங்க," என்றார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். மரங்களைத் தாண்டி அந்த மடிப்பில் இறங்கினால், கீழே செல்லம்மா மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார். முட்டியில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, "மேல நெழலா இருக்குது, போய் உக்காருங்க அம்மிணி, இந்த மூட்டையை ஏத்திப்போட்டு வாரேன்," என்றார்.

நானும் ஒரு முனையைப் பிடித்தேன். பாதிச் சரிவில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் வருடத்துக்கு எத்தனை மூட்டை ஏற்றுகிறார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மலை உச்சி மூடிக்கொண்டு வருகிறது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. உங்கள் போட்டோவில் ரோட்டோரம் மட்டும்தான் தெரிகிறது, கீழே எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்கும் தெரிந்திருக்காது. காடு அலங்கோலமாகத் தெரிந்தால் தெரியட்டும். அதிகாரி கேட்டால் அந்தக் கிழவி சொன்னாள் என்று என் பெயரைச் சொல்லுங்கள், திட்டு எனக்கு வரட்டும். இதைப் படித்ததும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போங்கள். கீழ் வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள்.